சங்கத்துச் சர்வருக்கு டெபியனா, ஃப்ரீபிஎஸ்டியா?

டர்பன் பக்கம் ஒரு தமிழ்ச் சங்கம் தன் பஜனைப் பதிவுகளையும் தமிழ் வகுப்புப் பாடங்களையும் வைக்கச் சர்வர் ஒன்று போடுகிறது என்றால், வேகத்தைப் பற்றி நான் கவலைப்பட மாட்டேன். இன்று அதைக் கவனிக்கும் பிள்ளை நாளை ஜோகன்னஸ்பர்க்கில் வேலை கிடைத்துப் போய்விடும். அடுத்து வருபவருக்கு எது எங்கே இருக்கிறதென்று விளங்க வேண்டும்.

டெபியன் லினக்ஸ் வகை ஆப்பரேட்டிங் சிஸ்டம், ஃப்ரீபிஎஸ்டி யூனிக்ஸ் வழிவந்த இன்னொன்று. கோப்புகளைப் பிரித்து வைப்பதில் ஃப்ரீபிஎஸ்டி படு சுத்தம். அடிப்படைச் சிஸ்டத்தின் கோப்புகள் /பின் (/bin), /யூஎஸ்ஆர்/பின் (/usr/bin), /எட்சி (/etc) ஆகிய ஃபோல்டர்களில். நாம் பிறகு நிறுவியதெல்லாம் /யூஎஸ்ஆர்/லோக்கலுக்கு (/usr/local) கீழே. இணையப் பக்கங்களை வழங்கும் அப்பாச்சி நிரலின் அமைப்புக் கோப்புகூட /யூஎஸ்ஆர்/லோக்கல்/எட்சியில்தான். டெபியனில் இந்தப் பிரிவே கிடையாது: கூட வந்ததும் நாம் போட்டதும் ஒரே /எட்சியில் கலந்து கிடக்கும். அங்கே /யூஎஸ்ஆர்/லோக்கல் கையால் நிறுவுபவற்றுக்கு மட்டும். டெபியன் தரும் நிரல் தொகுப்புகளான பேக்கேஜ்கள் அதில் கோப்பு வைக்கக் கூடாது என்பது விதி.

ஆனால் அந்தச் சுத்தத்துக்கும் விலை உண்டு. ஃப்ரீபிஎஸ்டியில் கட்டளைகளை இயக்கும் பாஷ் (bash) நிரல் இருப்பது /யூஎஸ்ஆர்/லோக்கல்/பின்னில். முதல் வரியில் /பின்/பாஷ் என்று எழுதிய லினக்ஸ் ஸ்கிரிப்ட் அங்கே ஓடாது. அப்பாச்சி தானே தொடங்க வேண்டுமென்றால் /எட்சியில் உள்ள ஆர்சி.கான்ஃப் (rc.conf) கோப்பில் ஒரு வரி சேர்க்க வேண்டும். அதாவது கோடு போட்டவர்களே கொஞ்சம் தாண்டியும் இருக்கிறார்கள்.

நம் ஊர் லோட் ஷெடிங்கை மறக்க முடியுமா? மின்சாரம் திடீரென்று போய் வட்டு பழுதானால், ஃப்ரீபிஎஸ்டியின் /ரெஸ்க்யூ (/rescue) ஃபோல்டர் கைகொடுக்கும். பல நிரல்கள் பகிரும் லைப்ரரிக் கோப்புகள் எதையும் நம்பாத கட்டளைகள் அதில் உண்டு. வட்டைச் சரிபார்க்கும் கட்டளையும் சேர்த்துத்தான். டெபியனோ 2023-இல் வந்த 12-ஆம் பதிப்பிலிருந்து /பின்னை /யூஎஸ்ஆர்/பின்னுக்குப் போகும் வெறும் இணைப்பாக்கிவிட்டது. பழசை விரும்புகிறவர்கள் இதற்குக் கோபப்படுவார்கள். ஆனால் /பின் வேறு, /யூஎஸ்ஆர்/பின் வேறு என்ற பிரிவு, 1970களின் தொடக்கத்தில் யூனிக்ஸ் பிறந்த பெல் லேப்ஸில் முதல் வட்டு நிறைந்து, நிரல்கள் இரண்டாம் வட்டுக்கு வழிந்ததால் வந்தது, வேதவாக்கு ஒன்றுமில்லை. பூட் ஆகும்போது நினைவகத்தில் ஏறும் சிறு தற்காலிகச் சிஸ்டமான இனிட்ராம்எஃப்எஸ் இப்போது மீட்பு வேலையையும் ஓரளவு பார்த்துக்கொள்கிறது.

நிக்ஸ்ஓஎஸ் என்ற இன்னொரு லினக்ஸ் எல்லாவற்றையும் /நிக்ஸ்/ஸ்டோருக்குள் ஹாஷ் பெயரோடு, அதாவது நீண்ட எழுத்தும் எண்ணும் கலந்த குறியீட்டோடு, அடுக்குகிறது. பிரமாதம்தான், ஆனால் புதிதாக வரும் தொண்டரை மிரட்டிவிடும்.

அமைப்பை மட்டும் பார்த்தால் என் ஓட்டு ஃப்ரீபிஎஸ்டிக்கு. சங்கத்துக்கு டெபியனைத்தான் சொல்வேன். நம் ஊர்க்காரர் மார்க் ஷட்டில்வொர்த் 2004-இல் தொடங்கிய உபுண்டு லினக்ஸும் டெபியனிலிருந்து வந்ததே. அதைத் தொட்டுப் பார்த்த பிள்ளைக்கு இங்கே எதுவும் புதிதாக இருக்காது. ஒரே நிபந்தனை: பதிவுகளும் பாடங்களும் /எஸ்ஆர்வி (/srv) ஃபோல்டரில் மட்டும் இருக்கட்டும். வெளி வட்டுக்கு அதையும் /எட்சியையும் வாரம் ஒருமுறை நகலெடுங்கள். டேட்டாபேஸ் வைத்திருந்தால் அதைத் தனியாக ஏற்றுமதி செய்து அங்கேயே போட்டுவிடுங்கள்.