‘சோடி’ என்று வரும் கோபியும் பிஸ்டல் இறாலும்: காசு போட முன் பாருங்கள்

கிளிநொச்சி, வவுனியா பக்கம் கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவர்கள் கவனம். கோபி சின்னக் கடல்மீன்; பிஸ்டல் இறால் பெரிய கொடுக்கைச் சொடுக்கிச் சத்தம் போடும் இறால். இவற்றில் சில வகைகள் ஒரே வளையில் சோடியாக வாழும்: இறால் தோண்டும், மீன் காவல் நிற்கும். போனிலேயே ஓர்டர் எடுத்து, கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் ரிஜிபோம் பெட்டி ஏற்றிவிடும் ஒரு வியாபாரி, ‘ஒட்டின சோடி’ (ஏற்கெனவே ஒன்றோடொன்று பழகினவை) என்று விற்றது இதுதான்: ஒரு பையில் வெள்ளை உடம்பில் செம்மஞ்சள் புள்ளி போட்ட டயமண்ட் கோபி, மற்றப் பையில் கோடே இல்லாத பச்சை நிற இறால். தனித்தனிப் பையில் வந்தது பிழையில்லை. உள்ளே இருந்தவைதான் பிழை.

டயமண்ட் கோபி வலென்சியென்னியா இனம். வாய் நிறைய மணலை அள்ளி, செவுள் வழியே சலித்து, அதிலுள்ள சிற்றுயிரைத் தின்னும். இறாலோடு குடித்தனம் நடத்துகிற பழக்கம் அதற்கு இல்லை. சின்னத் தொட்டியில் மணல் வெறுமையாகிவிட, மெலிந்து சாகும். இறாலோடு சேர்வது கிரிப்டோசென்ட்ரஸ், அம்ப்ளியெலியோட்ரிஸ், ஸ்டோனோகோபியொப்ஸ் வகைகள். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு மஞ்சள் வாட்ச்மேன் கோபிதான் தோது.

இறாலில் டைகர் பிஸ்டலுக்கு வெளிர் உடம்பில் கபிலப் பட்டைகள் ஒழுங்கில்லாமல் ஓடும். ரண்டல் பிஸ்டலுக்குச் சிவப்பும் வெள்ளையுமாய்க் கோடு. பட்டையே இல்லாவிட்டால் சந்தேகப்படுங்கள். ‘டக்’ என்று சொடுக்குகிற வீடியோ அனுப்பினார்கள். அது ஒன்றுக்கும் சாட்சியில்லை. களப்புச் சேற்றிலும் கல்லிடுக்கிலும் தனியே கிடக்கும் பிஸ்டல் இறால்களும் அதே சத்தம்தான் போடும். கேட்டு வாங்க வேண்டிய வீடியோ வேறு: இரண்டும் ஒரே வளை வாசலில் நிற்க வேண்டும். இறாலுக்குக் கண்பார்வை மட்டம். மண் தள்ள வெளியே வரும்போது மீசையை மீனின் மேல் வைத்துக்கொண்டே வரும். ஆபத்தென்றால் மீன் வாலை உதறும், இறால் உள்ளே ஓடும். மீசை மீனில் படாத வீடியோவை நம்பிக் காசு போடாதீர்கள்.

பெரிய கொடுக்கு இல்லாமல் வந்தால் மட்டும் சண்டைக்குப் போக வேண்டாம். சின்னக் கொடுக்கே சட்டை கழற்றக் கழற்றப் பெரிதாகி, சுடுகிற கொடுக்காக மாறிவிடும்.

அடுத்த மோசடி தண்ணீரில். பைத் தண்ணீரின் உப்படர்த்தி (உப்பு எவ்வளவு என்று காட்டும் எண்) 1.019, ரீஃப் எனும் பவளத் தொட்டியில் 1.025. உப்புச் செலவு மிச்சம், மீன் ஒட்டுண்ணியும் குறையும் என்று கடைகளில் தாழ்த்தி வைப்பார்கள். மீன் தாங்கும், இறால் தாங்காது. மேலும், இரவு முழுக்கக் கட்டிக் கிடந்த பையில் கரியமிலவாயு கூடி பிஎச் (அமில, காரத் தன்மையின் அளவு) இறங்கியிருக்கும். திறந்ததும் பிஎச் ஏற, கழிவால் பையில் சேர்ந்த அமோனியா நஞ்சாகும். ‘பையைத் திறந்து, தொட்டித் தண்ணீரை மூன்று மணித்தியாலம் சொட்டுச் சொட்டாய் விடுங்கோ’ என்ற கடை ஆலோசனை அந்த இடத்தில்தான் கொல்லும். முதல் நாளே கடைத் தண்ணீரின் உப்படர்த்தி அளவைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி, அதே உப்படர்த்தியில், அதே சூட்டில் ஒரு வாளி தண்ணீர் தயார் வையுங்கள். பை திறந்த கையோடு இறாலை வாளிக்கு மாற்றி, காற்றுக்கல் போட்டு, மணிக்கு 0.001 வீதம் ஏற்றுங்கள். பைத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றவே கூடாது. மீன் மருந்தின் செம்பு இருந்தால் இறால்கள் எல்லாம் போய்விடும். உப்பு கலக்க எங்கள் கிணற்றுத் தண்ணீர் சரிவராது, கல்சியம் கூட. ஆர்ஓ தண்ணீர் எடுங்கள். மாரிமழைக்கு வட்டுவாகல் முகத்துவாரம் உடைத்துப் பாய்கிற நாட்களில் முல்லைத்தீவுக் கடல் தண்ணீரும் வேண்டாம், நன்னீர் கலந்திருக்கும்.

‘ஒரு அங்குல மணல் காணும்’ என்றதும் பொய். 7 - 8 சென்ரிமீற்றர் வேண்டும். நொய் மணலோடு பவளத் துண்டும் கலக்காவிட்டால் வளை நிற்காது. கல்லை முதலில் கண்ணாடித் தரையில் இருத்தி, பிறகு மணல் போடுங்கள். மணலுக்கு மேல் வைத்த கல்லை இறால் அடியில் தோண்டிச் சரித்துவிடும், தானும் நசியும். மேலே வலை மூடியும் வேண்டும், கோபி பாயும்.

முறைப்பாட்டுக்கு வந்த பதில்: ‘இரண்டும் பழக மாதக்கணக்கில் எடுக்கும், பொறுங்கோ.’ பொருந்தின இனமென்றால் பெரும்பாலும் சில நாளிலேயே ஒன்றையொன்று தேடிப் பிடித்துவிடும். டயமண்ட் கோபிக்கு எத்தனை மாதம் கொடுத்தும் பலனில்லை.