1/35 பாந்தர் டாங்கிக்கு எந்த மஞ்சள்? மூன்று வண்ணங்களின் ஒப்பீடு

1943 பிப்ரவரியில் ஜெர்மன் ராணுவம் தன் கவச வண்டிகளின் அடி நிறத்தைக் கருஞ்சாம்பலிலிருந்து டுங்கெல்கெல்ப் என்னும் அடர் மஞ்சளுக்கு மாற்றியது. மேலே தெளிக்க ஆலிவ் பச்சையும் செம்பழுப்பும் கெட்டிப் பசையாக டப்பாக்களில் படைப்பிரிவுகளுக்குப் போயின. வீரர்கள் அதைத் தண்ணீரிலோ பெட்ரோலிலோ கரைத்துக்கொண்டார்கள். கரைத்த கைக்கேற்ப நிறமும் மாறியது. அதனால் ஜெர்மன் டாங்கியான பாந்தரை 1/35 அளவில், அதாவது உண்மையானதில் முப்பத்தைந்தில் ஒரு பங்காக, மாடல் செய்கிறவர் ‘ஒரே சரியான மஞ்சளை’த் தேடி அலைய வேண்டியதில்லை. அருங்காட்சியக வண்டியை நம்பலாம் என்றால், அவற்றில் பல பிற்காலத்தில் மறுபடி வண்ணம் பூசப்பட்டவை. கையிலிருக்கும் கருவிக்கு ஒத்துப்போகிறதா, அடுத்தடுத்த வேலைகளைத் தாங்குகிறதா என்று பார்த்து வண்ணத்தை வாங்குவதே நல்லது.

டமியா நிறுவனத்தின் அடர் மஞ்சளான எக்ஸ்எஃப்-60, ஏர்பிரஷ் (காற்றழுத்தத்தால் வண்ணம் தெளிக்கும் சிறு கருவி) வைத்திருப்பவர்களுக்கானது. லேக்கர் தின்னர் என்னும் நெடியுள்ள கரைப்பானில் கரைத்துத் தெளித்தால் மெல்லிய, உறுதியான பூச்சு கிடைக்கிறது. நுண்ணிய ஆணித் தலைகளும் பற்றவைப்புத் தடங்களும் மூழ்குவதில்லை. தூரிகையில் பூசினால் தொல்லை. இரண்டாம் பூச்சு முதல் பூச்சைக் கரைத்து இழுத்துக்கொண்டு வரும். பட்டை பட்டையாக நிற்கும்.

வயேஹோ நிறுவனத்தின் மாடல் கலர் வண்ணம் இதற்கு நேர்மாறு. தண்ணீரில் கரைவது, நெடி குறைவு, தூரிகைக்கு அருமையாக ஒத்துழைப்பது. ஏர்பிரஷ்ஷில் மட்டும் ஊசி முனையிலேயே காய்ந்து அடைத்துக்கொள்ளும். வெப்பமான அறையில் இது இன்னும் மோசம். பிரைமர் என்னும் பிடிப்புக்கான அடிப்பூச்சு இல்லாமல் பூசி, மேலே ஒட்டிய டேப்பை உரித்தால் வண்ணமும் தோல்போல உரிந்துவரக்கூடும். கருவிகள், மரக் கைப்பிடிகள், வீரர்களின் உடைகள் ஆகியவற்றுக்கு இதைவிட நல்லது எனக்குத் தெரியவில்லை. வண்டியின் உடல் முழுவதற்கும் ஏர்பிரஷ் இல்லாதபோது மட்டும் எடுப்பேன்.

மூன்றாவதான ஏகே நிறுவனத்தின் ரியல் கலர்ஸ் வண்ணம் வரலாற்று நிறத்துக்கு நெருக்கமாக இருப்பதாகச் சொல்லி விற்பனையாகிறது. லேக்கர் தின்னரோடு நன்றாகக் கலக்கும், சீராகத் தெளிக்கும். நெடி கடுமை, சன்னல் திறந்த அறையும் முகக்கவசமும் கட்டாயம். தெளிப்பதில் டமியாவுக்கு இது இளைத்ததல்ல. ஆனால் நிறத்துக்காக மட்டும் கூடுதல் பணம் கொடுப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஏனென்றால் குப்பியில் தெரிகிற நிறம் மாடலில் நிலைப்பதில்லை. இரண்டடி தூரத்திலிருந்து 1/35 மாடலைப் பார்ப்பது, உண்மையான வண்டியை எழுபது அடிக்கு அப்பால் நின்று பார்ப்பதற்குச் சமம். அத்தனை தூரத்தில் நிறம் வெளிறித் தெரியும். அதனால் அடி நிறத்தில் கொஞ்சம் வெள்ளையோ டமியாவின் வெளிர் மஞ்சள்பழுப்பான எக்ஸ்எஃப்-57 பஃபோ கலந்து இளக்குவது நல்ல பழக்கம். இதற்கு மேல் வாஷ், அதாவது பள்ளங்களில் நிழல் காட்டப் பூசும் நீர்த்த அடர்வண்ணம், வேறு இருக்கிறது. 1943 செப்டம்பர் வாக்கிலிருந்து ஓராண்டு வரை வந்த பாந்தர்களின் மேல் காந்தக் கண்ணிவெடி ஒட்டாமலிருக்கச் சிம்மெரிட் என்ற காரையைப் பூசினார்கள். மாடலில் அந்த வரி வரியான பள்ளங்களுக்குள் அடர்பழுப்பு வாஷ் ஓடித் தங்கிவிடும். மொத்தப் பரப்பும் ஒரு படி கறுத்துப்போகும். குப்பியிலிருந்து அப்படியே தெளித்த மஞ்சள் அங்கே சேற்று நிறமாகிவிடும். சிம்மெரிட் உள்ள வண்டிக்கு இளக்கல் தாராளமாக வேண்டும். கழிவுத் துண்டு ஒன்றில் அடி நிறம், வாஷ், பளபளப்பை நீக்கும் மேட் வார்னிஷ் மூன்றையும் போட்டுப் பார்த்த பிறகே உடலைத் தொடுங்கள்.

ஆக, ஏர்பிரஷ் இருந்தால் டமியா, இல்லையென்றால் வயேஹோ. டமியாவோடு போகிறவர்கள் பச்சைக்கு எக்ஸ்எஃப்-61, செம்பழுப்புக்கு எக்ஸ்எஃப்-64 எடுக்கலாம். செம்பழுப்பை மட்டும் நேரடியாகத் தெளிக்க வேண்டாம். அது மஞ்சளின் மேல் முரட்டுத்தனமாகத் துருத்தி நிற்கும். அடி நிறத்திலிருந்து சில துளிகளை அதில் கலந்து, தின்னரை அதிகமாக்கி, குறைந்த அழுத்தத்தில் இரண்டு மூன்று முறை தெளித்தால் பசையைக் கரைத்துப் பூசிய அந்த மங்கலான ஓரம் வந்துவிடும்.