கேத்தலில் படியும் சுண்ணாம்புக்குச் சிற்றிக் அசிட்: நெடுநாள் பாவித்த அனுபவம்

வெள்ளவத்தையில் இருந்துகொண்டு கேத்தலில் சுண்ணாம்பு படிகிறது என்றால் பலர் நம்புவதில்லை. "அது யாழ்ப்பாணத்துக் கரைச்சல் எல்லோ" என்பார்கள். பாதி சரி. கொழும்புக்கு நீர் வழங்கல் சபையின் தண்ணீர், நாங்கள் சபைத் தண்ணீர் என்பது, களனி கங்கையில் அம்பத்தலையிலிருந்தும், லபுகம, கலட்டுவாவ நீர்த்தேக்கங்களிலிருந்தும் வருகிறது. மழைத் தண்ணீர்தான், சுண்ணாம்பு குறைந்த மென்னீர். அதை மட்டும் கொதிக்கவைக்கிற வீட்டில் கேத்தலின் அடி வருடக்கணக்கில் பளபளவென்று கிடக்கும். ஆனால் எங்கள் மாடிக் கட்டடத்தில் குழாய்க்கிணறு ஒன்றும் உண்டு. அந்தத் தண்ணீரும் சபைத் தண்ணீரும் மேலே தாங்கியில் கலந்துதான் குசினிக்கு இறங்குகின்றன. மழை குறைந்த மாதங்களில் கிணற்றுப் பங்கு கூடுகிறது. அதை யாரும் அறிவிப்பதில்லை, கேத்தல்தான் சொல்லும்.

உங்கள் குழாயில் வருவது எது என்று அறியச் சவர்க்காரமே போதும். நுரைக்க மறுத்து, கைகழுவும் தொட்டியில் வெள்ளைத் திரி திரியாக ஒட்டினால் அது வன்னீர். வன்மையை, அதாவது கரைந்திருக்கும் சுண்ணாம்பைக் கல்சியம் காபனேற்றாகக் கணக்கிட்டு, லீற்றருக்கு 180 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் மிகுந்த வன்னீர் என்று வகுப்பார்கள். யாழ்ப்பாணத்தில் ஊரே சுண்ணாம்புக் கல்லின் மேல் இருக்கிறது, வற்றாத ஆறும் கிடையாது, குடிப்பது பெரும்பாலும் அந்தக் கல்லுக்குள் ஊறிய தண்ணீர். அங்கே அக்கா வீட்டுக் கேத்தலைப் பார்த்தால் எங்களுடையது புதுசு போலத் தெரியும். அவளும் நானும் ஒரே முறையைத்தான் பாவிக்கிறோம். அதனால் கீழே சொல்வது இரண்டு தண்ணீரிலும் பார்த்தது.

படிகிறது ஏன் என்பது பள்ளிக்கூட இரசாயனம்தான். தண்ணீரில் கரைந்திருக்கும் கல்சியம் இருகாபனேற்று சூட்டில் உடைந்து காபனீரொட்சைட்டு வெளியேற, கரையாத கல்சியம் காபனேற்று அடியில் ஒட்டிக்கொள்ளும். குடித்தால் கெடுதல் என்று பயப்பட ஒன்றுமில்லை. தண்ணீரின் வன்மைக்கு உடல்நலத்தை வைத்து உலக சுகாதார நிறுவனம் எல்லை எதுவும் விதிக்கவில்லை. தொல்லை வேறு இடத்தில். படிவு தடிக்கத் தடிக்கத் தண்ணீர் சூடாக நேரம் எடுக்கும், கேத்தல் இரைச்சல் போடும், அடித்தகடு அளவுக்கு மேல் சூடாகிக் கொதிக்க முன்னமே தானாக அணைந்துவிடும். அப்படி அணைகிற கேத்தலைப் பழுது என்று வீசிவிட்டுப் புதுசு வாங்கியவர்களை எனக்குத் தெரியும். தேத்தண்ணீரின் மேல் எண்ணெய் போல மிதக்கும் படலமும் இந்தத் தண்ணீரின் வேலைதான். பிளேன்டீக்குள் நாலு சொட்டுத் தேசிக்காய்ப் புளி விட்டால் அது வராது.

சரி, எதைக் கொண்டு எடுப்பது? அம்மாவின் கட்சி தேசிக்காய். "தேசிக்காய்த் தோல் இருக்கேக்கை ஏன் பிள்ளை காசைக் கரியாக்கிறாய்?" என்பார். மெல்லிய படிவுக்கு அது வேலை செய்யும், மறுக்கவில்லை. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 10 கிராம் சுண்ணாம்பைக் கரைக்கச் சுமார் 13 கிராம் சித்திரிக்கமிலம், அதாவது சிற்றிக் அசிட், வேண்டும். தேசிப்புளியில் இருப்பது நூற்றுக்கு ஐந்தாறு பங்கு. ஆக, கால் லீற்றருக்குக் கிட்டப் புளி, பத்துக் காய்க்கு மேல் பிழிய வேண்டும். விலை ஏறுகிற காலத்தில் அதை யார் கேத்தலுக்கு ஊற்றுவார்கள்? தோலை மட்டும் போட்டுக் கொதிக்கவைத்தால் குசினி வாசமாக இருக்கும், அவ்வளவுதான்.

வினாகிரியும் நல்லாகவே கரைக்கும். அதே 10 கிராமுக்கு, 4 சதவீத வினாகிரி ஏறக்குறைய 300 மில்லிலீற்றர் தேவை. காசு பெரிதில்லை. மணம்தான் கூடாது. சூடாக்கிய வினாகிரியின் நெடி வீட்டை விட்டுப் போக நேரமாகும், மூடியின் இறப்பர் வளையத்தில் ஒட்டிக்கொண்டால் அடுத்த நாள் தேத்தண்ணீரிலும் ஏறும். எங்கள் வீட்டில் அவசரத்துக்கு மட்டும்.

நான் நின்றது சிற்றிக் அசிட்டில். புறக்கோட்டையில் கேக் சாமான் விற்கும் கடைகளில் வெள்ளைப் பளிங்குத் தூளாக நிறுத்துத் தருவார்கள். மணம் இல்லை, உணவில் சேர்க்கிற சாமான் என்பதால் கொஞ்சம் மிஞ்சினாலும் பயமில்லை. கேத்தலுக்கென்றே சின்னப் பைக்கற்றில் விற்கும் தூள்களின் லேபிளைத் திருப்பிப் பார்த்தால் பலவற்றில் முதல் பெயரே இதுதான். அழகான பைக்கற்றுக்குக் கொடுக்கிற காசு மிச்சம்.

செய்கிற விதத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. அசிட்டைப் போட்டு மணிக்கணக்காகக் கொதிக்கவைக்கச் சொல்வார்கள், கேட்காதீர்கள். சுண்ணாம்பும் சித்திரிக்கமிலமும் சேர்ந்து உண்டாகும் கல்சியம் சித்திரேற்று, மற்ற உப்புகளைப் போலன்றிச் சூடு கூடக் கூடக் குறைவாகவே கரையும். கொதிக்கவிட்டால் கரைத்ததே வெள்ளை மாவாகத் திரும்ப வந்து படியும். நான் செய்வது இது: படிவு மூழ்குகிற அளவுக்கு, அரை லீற்றர் போல, தண்ணீரைக் கை பொறுக்காத சூடு வரும்வரை வைத்து, கொதிக்க முன்னம் நிறுத்திப் பிளக்கைக் கழற்றிவிடுவேன். அதற்குள் குவித்த மேசைக்கரண்டி ஒன்று தூள். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போட வேண்டும், நுரை பொங்கும்.

பிறகு மூடியைத் திறந்து பாருங்கள், பார்க்க நல்லாயிருக்கும். முதலில் படிவின் ஓரங்களில் மட்டும் மெல்லிய குமிழி வரிசை எழும்பும், காதை வைத்தால் "இஸ்ஸ்" என்று கேட்கும். அப்புறம் ஓரம் அரிபட்டு, தடித்த துண்டுகள் முட்டைக் கோது போல அடியிலிருந்து பெயர்ந்து மிதக்கத் தொடங்கும். முழுவதும் கரைய வேண்டும் என்றில்லை, பெயர்ந்தால் ஊற்றிவிடலாம். அரை மணித்தியாலம் போதும். குமிழி நின்ற பிறகும் படிவு இருந்தால் அசிட் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம், காத்திருந்து பயனில்லை, ஊற்றிவிட்டுப் புதிதாகக் கலக்குங்கள். குமிழி இல்லாமல் வெள்ளையாகக் கிடக்கும் மாவைப் பஞ்சுத் துணியால் துடைத்தாலே போகும். மூக்கில் இருக்கும் வலைவடியைக் கழற்றி ஒரு கோப்பையில் அதே கலவையில் ஊறவையுங்கள், கேத்தலில் சீக்கிரம் அடைபடுகிற இடம் அது. கடைசியில் நல்ல தண்ணீர் விட்டு ஒருதரம் கொதிக்கவைத்து ஊற்ற வேண்டும்.

அடியில் கபில நிறமாகத் துரு போலத் தெரிவதைப் பார்த்துக் கேத்தல் உக்கிவிட்டது என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலும் அது தண்ணீரில் வந்த இரும்புக் கறை, சிற்றிக் அசிட்டுக்கு அதுவும் போகும்.

அப்பச்சோடா பற்றிக் கேட்பார்கள். அது காரம், சுண்ணாம்பைத் தொடாது. வினாகிரியோடு கலந்தால் இரண்டும் ஒன்றையொன்று முறித்துக்கொண்டு நுரையை மட்டும் காட்டும். கோலா குடிக்கத்தான். கழிப்பறைக்கு ஊற்றும் அமிலத்தைக் குடிக்கிற பாத்திரத்துக்குள் கொண்டுவரவே கூடாது. குளோரின் சேர்ந்த எதையும் அசிட்டோடு கலக்கவும் கூடாது, நச்சு வாயு எழும்பும். பழைய அலுமினியக் கேத்தல் என்றால் அசிட்டைக் கனநேரம் விடாதீர்கள், உலோகத்தையே அரிக்கும். இரும்பு நார் போட்டுச் சுரண்டினால் கீறல் விழுந்த இடத்தில் அடுத்த படிவு இன்னும் இறுக்கமாகப் பிடிக்கும்.

நெடுநாள் பாவித்ததில் எனக்குத் தெரிந்த பெரிய வித்தியாசம் அசிட்டின் அளவில் இல்லை, இடைவெளியில்தான். அடி தெரியாமல் வெள்ளை மூடும்வரை விட்டால் இரண்டு மூன்று முறை ஊறவைக்க வேண்டும். தகட்டில் மங்கல் தெரிந்த உடனே செய்தால் ஒரு தேக்கரண்டியோடு முடியும். அக்கா வீட்டில் அது வாரம் ஒருதரம், எங்களுக்கு மாதம் ஒருதரம் என்று வருகிறது. இரவில் மிச்சத் தண்ணீரைக் கேத்தலில் விடாமல் கவிழ்த்து வைப்பதும் உதவுகிறது. சில கட்டடங்களில் கீழ்த்தளத்தில் சபைத் தண்ணீர் நேரே வரும் குழாய் ஒன்று இருக்கும். குடிக்கவும் தேத்தண்ணீருக்கும் அங்கிருந்து ஒரு போத்தல் பிடித்து வந்தால் இந்த வேலையே பாதி குறையும். மாடிப்படி ஏறும் பொறுமை இருந்தால் செய்யுங்கள், எனக்கு எல்லா நாளும் வருவதில்லை.

தூளை வாங்கினால் இறுக்கி மூடும் போத்தலில் போட்டுப் பெயர் எழுதி ஒட்டுங்கள். கொழும்பு ஈரக்காற்றுக்கு அது ஒரே வாரத்தில் கட்டிபட்டுவிடும். பார்க்கவும் அச்சாகச் சீனிதான், சீனிப் பேணிக்குப் பக்கத்தில் மட்டும் வைத்துவிடாதீர்கள்.