கண்ணாடி வைத்த தடுப்பறைகள்: வான்கூவரின் இன்சைட் மையம்

கனடாவின் வான்கூவர் நகரில், கிழக்கு ஹேஸ்டிங்ஸ் தெருவில், போதைப்பொருளை ஊசியால் ஏற்றிக்கொள்பவர்கள் செவிலியரின் கண்காணிப்பில் அதைச் செய்துகொள்ள இருக்கும் இன்சைட் மையத்தைப் பற்றிப் பேச்செடுத்தாலே, அங்கே அரசே போதைப்பொருள் கொடுக்கிறதாமே என்று நம்மவர்கள் கேட்கிறார்கள். கொடுப்பதில்லை. பொருளை வருபவரே கொண்டுவருகிறார். மையம் தருவது புது ஊசி, கிருமி நீக்கிய நீர், பக்கத்தில் ஒரு செவிலியர், அவ்வளவுதான்.

பதிவு செய்ய உண்மைப் பெயர் தேவையில்லை, தாமே வைத்துக்கொண்ட ஒரு பெயர் போதும். 2003இல் 12 இருக்கைகளோடு தொடங்கிய அந்த அறையில், ஒவ்வொரு தடுப்பிலும் முகம் பார்க்கும் கண்ணாடி பதித்திருக்கிறார்கள். உட்கார்ந்திருப்பவரின் முகம் வெளிறுகிறதா, உதடு நீலம் பாய்கிறதா என்பதைச் செவிலியர் பின்னாலிருந்தே கண்டுகொள்ள அது உதவுகிறது. மூச்சு தளர்ந்தால் ஆக்சிஜனும், அளவு மீறிய போதையை முறிக்கும் நாலாக்சோன் மருந்தும் கையருகே இருக்கின்றன. ஊசி போட்டதும் தெருவுக்கு அனுப்பிவிடாமல் காபி கொடுத்து உட்காரவைக்கும் கூடத்தைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன். புண்ணுக்குக் கட்டுப் போட்டுக்கொள்வதும், தங்க இடம் கேட்பதும், விட்டுவிட முடியுமா என்று ஒருவர் முதன்முதலாக வாய்திறப்பதும் அப்படி அவசரமில்லாத நேரத்தில்தான் நடக்கும். வாய்திறந்தவருக்கு மாடியிலேயே சிகிச்சைப் படுக்கை உண்டு.

இதை அதிகாரிகள் மட்டும் யோசித்துக் கட்டவில்லை. 1997இல் ஓப்பன்ஹைமர் பூங்காவில், போதைப்பொருளால் இறந்துபோனவர்களுக்காக ஆயிரம் சிலுவைகளை நட்டவர்கள் அந்தப் பகுதி மக்களே. கவிஞர் பட் ஆஸ்பார்ன் அவர்களில் முன்னின்றவர். போதைப்பொருள் பயன்படுத்துவோரே சேர்ந்து அமைத்த வாண்டு அமைப்பும் விடாமல் போராடியது. மையத்தை மூட மத்திய அரசு முனைந்தபோது, 2011இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக அதைக் காப்பாற்றினார்கள். அதே ஆண்டு லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வு, மையம் திறந்தபின் அதைச் சுற்றி 500 மீட்டருக்குள் அளவு மீறிய போதையால் நேர்ந்த மரணங்கள் 35 விழுக்காடு குறைந்ததாகக் காட்டியது. நகரின் மற்ற பகுதிகளில் குறைந்தது 9 விழுக்காடுதான்.

குறை ஒன்று உண்டு, அது சிறியதல்ல. ஃபென்டனில் என்ற வீரியமிக்க போதைப்பொருள் பரவிய பிறகு, அந்த மாகாணத்தில் போதைப்பொருளால் இறப்பவர்களில் பெரும்பாலோர் அதை ஊசியால் ஏற்றாமல் புகைப்பவர்கள். இன்சைட்டோ ஊசிக்காகவே கட்டப்பட்டது. நல்ல காற்றோட்டத்தோடு, புகைப்பவர்களும் செவிலியரின் பார்வையில் உட்கார ஓர் அறையை உடனே சேர்த்தாக வேண்டும்.