மூலம் இடது பக்கம், உரை வலது பக்கம்

ஜேன் ஆஸ்டினின் 'பிரைடு அண்ட் பிரெஜுடிஸ்' 1813இல் வெளிவந்த நாவல். கதை பலருக்கும் தெரியும், படமாகவும் தொடராகவும் திரும்பத் திரும்ப வந்துவிட்டது. அப்படியிருக்க 700 பக்கத்துக்கு மேல் கனக்கும் குறிப்புரைப் பதிப்பு ஒன்றைக் காசு கொடுத்து வாங்க வேண்டுமா என்றால், கண்டிப்பாக வாங்கலாம் என்பேன். நான் சொல்வது டேவிட் எம். ஷபார்ட் தொகுத்து, ஆங்கர் புக்ஸ் 2007இல் வெளியிட்ட பதிப்பை. 2012இல் அதைத் திருத்தி விரிவாக்கியும் கொண்டுவந்தார்கள்.

முதலில் அமைப்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பாதி வெற்றி அதில்தான் இருக்கிறது. இடது பக்கத்தில் நாவல், அதற்கு நேரே வலது பக்கத்தில் குறிப்புகள். திருக்குறளைப் பரிமேலழகர் உரையோடு படித்துப் பழகியவர்களுக்கு இந்த ஏற்பாடு உடனே பிடித்துப்போகும். மற்ற பதிப்புகளில் பெரும்பாலும் குறிப்புகளைப் புத்தகத்தின் கடைசியில் கொண்டுபோய்ச் சேர்த்திருப்பார்கள், விரலை ஒரு பக்கத்தில் வைத்துக்கொண்டு பின்னால் புரட்டிப் புரட்டிச் சலித்துப்போய் நாலாவது அத்தியாயத்திலேயே விட்டுவிடுவோம். இங்கே கண்ணை ஒருமுறை வலப்பக்கம் ஓட்டினால் போதும், வேண்டாம் என்றால் திரும்பிப் பார்க்காமல் கதையிலேயே போய்க்கொண்டிருக்கலாம்.

ஷபார்ட் வரலாறு படித்தவர், அது ஒவ்வொரு பக்கத்திலும் தெரிகிறது. பணம், சட்டம், வண்டி வகைகள், சாப்பாட்டு நேரம், நடன விருந்தின் முறைகள் என்று அந்தக் காலத்து வாசகருக்குச் சொல்லாமலே தெரிந்திருந்த விஷயங்களை எல்லாம் எடுத்துச் சொல்கிறார். அதில் எனக்கு மிகப் பெரிய லாபம் நாயகி எலிசபெத்தின் அம்மா திருமதி பென்னட். படங்களில் இந்த அம்மாவை வெறும் கோமாளியாகத்தான் காட்டுவார்கள், ஐந்து பெண்களை எவன் தலையிலாவது கட்டிவைக்க அலைகிறவள் என்று நாமும் சிரித்துவிட்டுப் போய்விடுவோம். கணக்கைப் பார்த்த பிறகு சிரிப்பு வராது. லாங்போர்ன் எஸ்டேட்டிலிருந்து அவள் கணவருக்கு ஆண்டுக்கு 2,000 பவுண்டு வருகிறது, ஆனால் அந்தச் சொத்து ஆண் வாரிசுக்கு மட்டுமே போகும்படி கட்டிவைத்தது. மகன் இல்லாததால் அவர் கண்ணை மூடினால் வீடு உட்பட எல்லாம் உறவினரான பாதிரியார் காலின்ஸுக்குப் போய்விடும். மனைவிக்கும் மகள்களுக்கும் என்று எழுதிவைத்திருப்பது மொத்தமே 5,000 பவுண்டு. எலிசபெத்திடம் கல்யாணம் கேட்க வந்த காலின்ஸே அவள் பங்கு 4 சதவீதப் பத்திரத்தில் கிடக்கும் 1,000 பவுண்டுதான், அதுவும் அவள் அம்மா காலத்துக்குப் பிறகுதான் என்று கூசாமல் சொல்கிறார். அந்த வட்டியில் 5,000க்கு ஆண்டு வருமானம் 200 பவுண்டு. 2,000இல் வாழ்ந்த குடும்பத்தில் ஆறு பெண்கள், வீடும் இல்லாமல், 200க்கு வந்து நிற்பார்கள். நல்ல குடும்பத்துப் பெண் வெளியே போய்ச் சம்பாதிக்க அன்று கவர்னஸ் வேலையை, அதாவது பணக்கார வீட்டில் தங்கிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தருவதை, விட்டால் வேறு வழி ஏறக்குறைய இல்லை. இதைத் தெரிந்துகொண்டு காலின்ஸை எலிசபெத் மறுக்கும் காட்சியைப் படித்துப் பாருங்கள், அவள் எவ்வளவு பெரிய ஆபத்தைத் துணிந்து ஏற்கிறாள் என்பது அப்போதுதான் உறைக்கும். அடுத்த சில நாளில் அதே காலின்ஸை ஒப்புக்கொள்ளும் அவள் தோழி, 27 வயது சார்லட்டின் மீதும் கோபம் வராது.

நாயகன் டார்சி எலிசபெத்துக்கு எழுதும் கடிதமும் அப்படித்தான். ஏன் தபாலில் அனுப்பாமல் தோப்பில் காத்திருந்து கையில் கொடுக்கிறான்? நிச்சயம் ஆகாத ஆணும் பெண்ணும் கடிதம் எழுதிக்கொள்வது அன்று முறைகேடு, தபாலில் வந்தால் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். கடைசி மகள் லிடியா, விக்கம் என்ற ராணுவ அதிகாரியோடு ஓடிப்போகும் இடத்தில் ஸ்காட்லாந்தின் எல்லையோரக் கிராமமான கிரெட்னா கிரீன் பெயர் அடிபடுவது எதற்கு என்றால், 1753ஆம் ஆண்டுச் சட்டப்படி இங்கிலாந்தில் 21 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் லைசென்ஸ் வாங்கி மணக்கப் பெற்றோர் சம்மதம் வேண்டும், அந்தச் சட்டம் ஸ்காட்லாந்தில் செல்லாது. அவளுக்கோ 16 வயதுதான். அங்கே போகாமல் லண்டனில் தங்கிவிட்டார்கள் என்ற செய்தி வந்ததும் வீடே இடிந்துபோவதன் காரணம் இதுதான், கல்யாணம் செய்துகொள்ளும் எண்ணமே விக்கமுக்கு இல்லை என்று அர்த்தம்.

சரி, குறை இல்லையா? இருக்கிறது. ஷபார்ட் சில இடங்களில் ரொம்பவே விளக்குகிறார். எலிசபெத் ஏன் முகம் சிவந்தாள், டார்சி ஏன் பேசாமல் நின்றான் என்பதற்கெல்லாம் குறிப்பு தேவையில்லை, ஆஸ்டின் வேண்டுமென்றே நம் கையில் விட்டுவைத்த இடங்கள் அவை. சாதாரணச் சொற்களுக்கும் பொருள் போட்டுக்கொண்டே போவது ஆங்கிலம் ஓரளவு வாசிப்பவர்களுக்கே எரிச்சலாக இருக்கும். கறுப்பு வெள்ளைப் படங்கள் சுமார்தான். இலக்கிய நயமும் விமர்சகர்களின் வாதங்களும்தான் முக்கியம் என்றால், பாட்ரிசியா மேயர் ஸ்பாக்ஸ் தொகுத்து ஹார்வர்டு பல்கலைக்கழக அச்சகம் 2010இல் வெளியிட்ட பதிப்பைப் பாருங்கள். பெரிய அளவு, கெட்டி அட்டை, வண்ணப் படங்கள், அழகாக இருக்கிறது, ஆனால் மடியில் வைத்துப் படுத்துக்கொண்டு படிக்கிற புத்தகம் இல்லை.

நாவலை இதுவரை படிக்காதவர்கள் முதல் தடவை வலது பக்கத்தைத் தொடாமல் போவது நல்லது, பின்னால் வருவதைச் சில குறிப்புகள் முன்கூட்டியே சொல்லிவிடும். கல்லூரிப் பாடத்துக்காக அவசரமாகப் படித்துவிட்டு மறந்துபோனவர்கள் தயங்காமல் இதிலேயே தொடங்கலாம். மின்னூலாக மட்டும் வாங்காதீர்கள், இடமும் வலமும் எதிரெதிரே இருக்கும் வசதியே அங்கே போய்விடும், ஒவ்வொரு எண்ணாகத் தட்டித் தட்டிப் போய்வர வேண்டியிருக்கும். ஆஸ்டினின் ஆறு நாவல்களுக்கும் ஷபார்ட் இதே மாதிரி குறிப்புரை எழுதியிருக்கிறார், நான் அடுத்து 'எம்மா'வை எடுக்கப் போகிறேன்.