ரப்பர் மேட்டா, மண் தரையா? கறவை மாட்டின் குளம்புக்கு எது தோது

நாள் முழுக்க வெறும் சிமெண்ட் தரையில் கட்டிப்போட்டால் மாட்டுக்குக் குளம்பு கெடும் என்பதில் இப்போது யாருக்கும் சந்தேகம் இல்லை. அதற்கு மாற்று என்ன என்பதில்தான் ஆளுக்கொரு பேச்சு. இருக்கிற சிமெண்ட் மேலேயே ரப்பர் மேட் விரிக்கலாம். இல்லையென்றால் கட்டுத்தறியை விட்டு அவிழ்த்து, வேலி போட்ட மண் தரையில் விடலாம். எங்களிடம் இருப்பவை ஆறு கலப்பின மாடுகள். மேட் போட்டும் பார்த்துவிட்டுத்தான் மண் தரைக்குப் போனோம். எனவே நான் எந்தப் பக்கம் பேசுவேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மேட்டின் நல்லதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். கால் வழுக்காது, முட்டி தேயாது, மாடு தயங்காமல் படுக்கும். கறவை மாடு ஒரு நாளில் 10 முதல் 12 மணி நேரம் படுக்க வேண்டும். தரை கடினமாக இருந்தால் படுக்காமல் நின்றே பொழுதை ஓட்டும். அப்போது உடம்பின் கனம் முழுவதும் குளம்புக்குள் இருக்கும் எலும்பு வழியாக அடிப்பாதத்தில் இறங்கும். பின்காலின் வெளிப்பக்கக் குளம்பில்தான் பெரும்பாலும் முதல் புண் வரும். மேட் விரித்தால் இந்தத் தொல்லை நன்றாகவே குறையும்.

சிக்கல் மேட்டுக்கு அடியில் இருக்கிறது. மூத்திரமும் சாணித் தண்ணீரும் ஓரத்தின் வழியாக உள்ளே போய்த் தேங்கும். வாரம் ஒருமுறையாவது மேட்டைத் தூக்கிக் கழுவிக் காயவைக்க வேண்டும். ஒரு ஆளாகப் புரட்ட முடியாத கனம் அது. வாங்கிய புதிதில் எல்லோரும் தூக்குவார்கள். அப்புறம் மேலே மட்டும் தண்ணீர் அடித்துவிட்டுப் போய்விடுவார்கள். எங்கள் வேலையாளும் அப்படித்தான், அவரைக் குறை சொல்ல முடியாது. ஒருநாள் தூக்கிப் பார்த்தால் மூக்கில் ஏறும் நெடி, கருப்பாக வழுவழுவென்று ஒரு படிவம், அதில் நெளியும் புழு. மேலே அடித்த தண்ணீரும் காய்வதில்லை, மாடு எந்நேரமும் ஈரத்திலேயே நிற்கிறது.

என்னைப் பொறுத்தவரை முடிவைத் தீர்மானிப்பது இந்த ஈரம்தான். நாள் முழுக்கத் துணி துவைத்த கை மாதிரி குளம்பும் ஊறிப்போகும். தேய்ந்து மெலிந்த அடிப்பாதம் கட்டைவிரலால் அழுத்தினாலே அமுங்கும். இரண்டு குளம்புக்கும் நடுவே தோல் வெடிக்கும். பியூசோபாக்டீரியம் நெக்ரோபோரம் என்ற கிருமி சாணியிலேயே இருப்பது, அதற்கு அந்த வெடிப்பு போதும். வீக்கம், நாற்றம், காலை ஊன்றவே முடியாத நொண்டல் என்று குளம்பு அழுகல் வந்து நிற்கும்.

மண் தரையில் மூத்திரம் கீழே இறங்கிவிடும். காலையில் சாணியை அள்ளினால் பாதி வேலை முடிந்தது. மாடு தானே உலர்ந்த இடம் தேடிப் படுக்கும். நடமாட்டம் இருப்பதால் குளம்புக்கு ரத்த ஓட்டமும் கிடைக்கும். இன்னொரு லாபம், நொண்டல் ஆரம்பத்திலேயே கண்ணில் படும். நிற்கும்போது முதுகு நேராக இருக்கும், நடக்கும்போது மட்டும் கூனும். அப்போதே காலைத் தூக்கிப் பார்க்க வேண்டும். கட்டிப்போட்ட மாட்டில் இது தெரியவே தெரியாது. மாடு ஒன்றுக்குக் கூரைக்கடியில் 3.5 சதுர மீட்டரும் திறந்தவெளியில் 7 சதுர மீட்டரும் வேண்டும் என்பது பாடப்புத்தகக் கணக்கு. இடம் இருந்தால் தாராளமாகவே விடுங்கள்.

மண் தரைக்கும் செலவு உண்டு. தீவனத் தொட்டியையும் தண்ணீர்த் தொட்டியையும் சுற்றி எப்போதும் சேறாகும், அங்கே மட்டும் ஆறடி அகலத்துக்கு சொரசொரப்பான சிமெண்ட் போட்டோம். ஐப்பசி மழைக்கு முன்னால் மேடு கட்டி, கிராவல் கொட்டி, வாட்டம் சரிபார்க்க வேண்டும். கூரான கல்லைப் பொறுக்கிப் போட வேண்டும். உண்ணித் தொல்லையும் கூடும். குளம்பு மாதத்துக்கு சுமார் 5 மில்லிமீட்டர் வளரும், மெத்தென்ற மண்ணில் அது போதுமான அளவு தேயாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை சீவியாக வேண்டும். பெரிய மாட்டுக்கு முன்பக்க நீளம் 7.5 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது, அதைவிடக் குட்டையாக வெட்டினால் அடிப்பாதம் மெலிந்துவிடும்.

எங்களுடையது தண்ணீர் நிற்காத சரளைச் செம்மண். களிமண் பூமியில், அதுவும் காவிரி டெல்டா மாதிரி இடத்தில், கார்த்திகையில் இந்தத் தரை தாங்குமா என்று அனுபவத்தில் சொல்ல எனக்குத் தெரியாது. அங்கே மழைக்காலத்துக்கு மட்டும் மேட் போடுவது நல்லதாக இருக்கலாம். தவிட்டையும் மாவையும் அளவில்லாமல் கொட்டி வயிறு புளித்து வரும் குளம்பு நோய்க்கு எந்தத் தரையும் மருந்தாகாது.

வீட்டுக்குப் பின்னால் இரண்டு மாடு, காலி இடம் கிடையாது என்றால் மேட்டையே வாங்குங்கள். அடிப்பக்கம் வரிப்பள்ளம் உள்ளதாகப் பார்த்து வாங்கி, வடிகாலைப் பார்த்து அந்தப் பள்ளம் போகும்படி விரியுங்கள். புரட்டிக் கழுவ இரண்டு பேர் வீட்டில் இருக்கிற கிழமையையும் இப்போதே முடிவு செய்துவிடுங்கள்.