கையால் கட்டும் கிடார் ஆம்ப்புக்கு எந்த டிரான்ஸ்ஃபார்மர்: பழைய ரேடியோவில் கழற்றியதா, புதுசா?

ஸ்பீக்கரை ஓட்ட ஒரு ஈஎல்84 வால்வு, முன்னால் கிடார் சிக்னலைப் பெரிதாக்க ஒரு 12ஏஎக்ஸ்7, ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபையருக்கு ஈஇசட்80. நான் கட்டியது இந்த ஐந்து வாட் ஆம்ப்தான். மற்ற பாகங்களுக்கெல்லாம் மதிப்பு சர்க்யூட்டிலேயே இருக்கும், வாங்கிப் போட்டால் போதும். பவர் டிரான்ஸ்ஃபார்மரில்தான் வழி நாலாகப் பிரியும்: வால்வு ஆம்ப்புக்கென்றே சுற்றியது, பழைய வால்வு ரேடியோவில் கழற்றியது, இரண்டு சாதா டிரான்ஸ்ஃபார்மரை முதுகோடு முதுகாக இணைப்பது, டொராய்டு (வளையம் மாதிரி சுற்றியது). நான் போட்டது ரேடியோ டிரான்ஸ்ஃபார்மர், என் சாய்வும் அதன் பக்கம்தான்.

புதுசைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பிரைமரியின் (மெயின்ஸ் பக்கச் சுற்று) டேப், அதாவது வோல்டேஜுக்கேற்ற இணைப்பு முனை, இன்றைய மின்சாரத்துக்குப் பொருந்தும், எச்டி (வால்வுக்கான உயர் வோல்டேஜ்), ஹீட்டர் (வால்வைச் சூடாக்கும் இழைக்கான 6.3 வோல்ட்) எல்லாம் கணக்காக வரும், பின்னால் எரிந்தாலும் அதே மாடல் கிடைக்கும். விலையும் எடையும்தான் குறை.

முதுகோடு முதுகு வித்தையில் முதல் டிரான்ஸ்ஃபார்மர் 230-ஐ 12 ஆக்கும், இரண்டாவது அதைத் திருப்பி ஏற்றும். ஆனால் 230 போட்டால் 230 திரும்பி வராது. சின்ன டிரான்ஸ்ஃபார்மர்களில் சுமையில் இறங்கும் அளவை ஈடுகட்ட செகண்டரியில் (வெளியே கொடுக்கும் பக்கத்தில்) சில சுற்றுகள் கூடுதலாகச் சுற்றியிருப்பார்கள். தலைகீழாகப் போடும்போது அதுவே நமக்கு நஷ்டம், பலசமயம் 200-க்குக் கீழேதான் நிற்கும். நடு டேப் (சுற்றின் நடுவிலிருந்து எடுத்த முனை) இல்லாததால் நாலு டயோடு சேர்ந்த பிரிட்ஜ்தான் போட முடியும். பிரிட்ஜுக்குப் பின் கெப்பாசிட்டர் வைத்தால், 100 மில்லி ஆம்பியர் ஏசி என்று எழுதியிருப்பதிலிருந்து டிசியாகச் சுமார் 60-தான் எடுக்கலாம். ஈஎல்84 மட்டுமே 250 வோல்ட்டில் 50-க்குக் கொஞ்சம் மேல் குடிக்கும், அதனால் பெரிதாகவே வாங்குங்கள்.

டொராய்டை நான் டிரான்சிஸ்டர் ஆம்ப்பில்தான் போட்டிருக்கிறேன், வால்வில் இல்லை. காந்தப்புலம் வெளியே கசிவது குறைவு, ஹம் (ம்ம் என்ற இரைச்சல்) தொல்லையும் குறைவு. ஆன் செய்த நொடியில் இழுக்கும் கரண்ட் அதிகம், ஸ்லோ ப்ளோ (மெதுவாக உருகும்) ஃப்யூஸ் வேண்டும். நடுவில் போகும் போல்ட்டின் இரண்டு முனையும் சேஸிஸை (ஆம்ப்பின் உலோகச் சட்டத்தை) தொட்டுவிடக் கூடாது. தொட்டால் அதுவே ஷார்ட் ஆன ஒரு சுற்று, டிரான்ஸ்ஃபார்மர் தீய்ந்துவிடும்.

சரி, ரேடியோவுக்கு வருவோம். ஈசிஎச்81, ஈஎஃப்89, ஈஏபிசி80, ஈஎல்84 என்று வால்வு வரிசை கொண்ட ஒரு செட்டைத் திறந்தால், உள்ளே இருப்பது ஏறக்குறைய நம் ஆம்ப்புக்கான பவர் சப்ளையேதான். அவுட்புட் வால்வு ஒன்றே. 250-0-250 (நடு டேப்பின் இரு பக்கமும் 250 வோல்ட்) மாதிரி ஒரு எச்டி வைண்டிங் இருக்கும். ஈஇசட்80-ஐயும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். அந்த இடத்தில் சிலிக்கான் டயோடு போட்டால் வோல்டேஜ் எகிறி ஈஎல்84-இன் 300 வோல்ட் உச்சவரம்பைத் தாண்டிவிடும்.

கழற்றுவதற்கு முன் ஒரு சோதனை. யு வரிசை வால்வு (யுசிஎச்81, யுஎல்84) உள்ள செட்டுகளில் டிரான்ஸ்ஃபார்மரே இருக்காது, அல்லது ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர் (மெயின்ஸிலிருந்து பிரிக்காத ஒரே சுற்று) இருக்கும். அதில் வீட்டு மின்சாரம் நேராக சேஸிஸுக்கு, அங்கிருந்து கிடார் கம்பிக்கே வந்துவிடலாம். பிரைமரிக்கும் மற்ற வைண்டிங்குகளுக்கும் நடுவே மல்டிமீட்டர் துளியும் தொடர்பு காட்டக் கூடாது. காட்டினால் அதைத் தொடாதீர்கள். அப்புறம், முதல்முறை மின்சாரம் கொடுக்கும்போது சீரிஸில் ஒரு குண்டு பல்பைப் போட்டுக்கொள்ளுங்கள். சுமையே இல்லாமல் பல்பு பளீரென எரிந்தால் உள்ளே ஷார்ட்.

இதெல்லாம் சரியாக இருந்தாலும், போடலாமா வேண்டாமா என்பதைத் தீர்மானிப்பது ஹீட்டர் வோல்டேஜ்தான். பழைய டிரான்ஸ்ஃபார்மரின் டேப் 220-க்கு. சுவரில் 240 வந்தால் 6.3 வோல்ட் 6.87 ஆகிறது. பத்து சதவீதம் வரை பொறுக்கும் என்று வைத்தாலும் வரம்பு 6.9-தான். அதோடு முடியவில்லை. ரேடியோவில் அந்த வைண்டிங் ரெக்டிஃபையரைச் சேர்க்காமலே மேஜிக் ஐயோடு (ஸ்டேஷன் சரியாக விழுந்ததா என்று ஒளிர்ந்து காட்டும் வால்வு) 2 ஆம்பியர் கொடுத்தது, டயல் பல்பு வேறு. நம் ஆம்ப்புக்கு ஈஎல்84-க்கு 0.76, 12ஏஎக்ஸ்7-க்கு 0.3, அவ்வளவுதான். சுமை பாதியானால் வோல்டேஜ் இன்னும் ஏறும், 7-ஐத் தாண்டினாலும் ஆச்சரியமில்லை. எச்டி பத்து சதவீதம் கூடினால் வால்வின் கரண்டை நிர்ணயிக்கும் பயாஸ் ரெசிஸ்டரை மாற்றிச் சமாளிக்கலாம். ஹீட்டர் அப்படியில்லை, வால்வின் ஆயுளைத் தின்றுவிடும்.

இதற்கு இரண்டு வைத்தியம். ஹீட்டர் கம்பி ஒவ்வொன்றிலும் 0.27 ஓம், 2 வாட் ரெசிஸ்டர் போட்டால் அரை வோல்டுக்கு மேல் இறங்கும். எனக்குப் பிடித்தது இன்னொன்று: 12 வோல்ட், 1 ஆம்பியர் டிரான்ஸ்ஃபார்மரின் செகண்டரியை மெயின்ஸோடு எதிர் ஃபேஸில் சீரிஸாகக் கோப்பது. 240 சுமார் 228 ஆகும், ஹீட்டரும் எச்டியும் சேர்ந்தே இறங்கும். ஃபேஸ் மாறினால் 252 ஆகிவிடும், அதனால் ரேடியோ டிரான்ஸ்ஃபார்மரை இணைக்கும் முன்பே அளந்து பார்த்துவிடுங்கள். இந்த இரண்டாவது டிரான்ஸ்ஃபார்மருக்கு சேஸிஸில் இடம் இல்லையென்றால் ரெசிஸ்டரே போதும்.

இடம் என்றதும் ஞாபகம் வருகிறது: துளை போடும் முன் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் செகண்டரியில் ஒரு ஹெட்போனை மாட்டி, பவர் டிரான்ஸ்ஃபார்மருக்கு மட்டும் மின்சாரம் கொடுத்து (அதன் மற்ற முனைகளை இன்சுலேஷன் டேப் சுற்றி மூடிவிட்டு), அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரைத் திருப்பிப் பாருங்கள். ஹம் ஏறி இறங்குவது காதிலேயே தெரியும், எங்கே அடங்குகிறதோ அங்கே குறி போடுங்கள்.

இரண்டு ஈஎல்84 வைத்த 18 வாட் என்றால் இந்த வாதமெல்லாம் செல்லாது. எச்டியில் மட்டும் 100 மில்லி ஆம்பியர் பக்கம் கேட்கும். சாதாரண ரேடியோ டிரான்ஸ்ஃபார்மர் அதில் சூடேறியே போய்விடும். அதற்குப் புதுசுதான் வாங்க வேண்டும்.